பதில்: பொறியில் ஈ நிறைகிறது, பாகற்காயில் புழு குறையவில்லை

பொறியில் வைத்த மருந்து மாறிப்போயிருக்கிறது. நீங்கள் பினாங்கு பாலிக் புலாவ் பாகல் பந்தலில் கட்டியிருப்பது மீத்தைல் யூஜினால் என்ற, ஈயை இழுக்கும் வாசனை மருந்து. அது கொய்யா, மாங்காய், பிளிம்பிங் (நட்சத்திரப் பழம்) பக்கம் வரும் பழ ஈயை இழுப்பது. பாகலைக் கெடுப்பது பூசணி ஈ. அது கியூலூர் என்ற வேறொரு வாசனை மருந்துக்குத்தான் வரும். பாட்டிலில் நிறைவது பெரும்பாலும் பக்கத்து மரங்களின் ஈ.

சந்தேகமா? செத்த ஈ ஒன்றை வெள்ளைத் தாளில் போட்டு இறக்கையைப் பாருங்கள். நுனியில் பெரிய பழுப்புப் புள்ளி, குறுக்கே ஒரு பட்டை, முதுகின் நடுவிலும் மஞ்சள் கோடு இருந்தால் பூசணி ஈ. இறக்கை பளிங்குபோல் இருந்து, ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடு ஓடினால் மற்றது.

கியூலூரைத் தனி பாட்டிலில் வையுங்கள், ஒரே பஞ்சில் இரண்டையும் ஊற்றவேண்டாம். அது மீத்தைல் யூஜினால் அளவுக்கு வெறியோடு இழுக்காது. ஈ குறைவாக விழுந்தால் மருந்து கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று. இரண்டுமே ஆண் ஈயைத்தான் பிடிக்கும். முட்டையிடுவது பெண். ஏற்கெனவே இணைந்த பெண் ஈ பக்கத்துத் தோட்டத்திலிருந்து பறந்து வந்தால் பொறி ஒன்றும் செய்யாது. அதனால் பிஞ்சு விரல் நீளம் வருவதற்குள் பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுற்றி மூடிவிடுங்கள். பிந்தினால் உள்ளே முட்டையோடு சேர்த்து மூடியதாகிவிடும்.

அப்புறம், அழுகிய காயைப் பந்தலடியில் விடாதீர்கள். புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழு ஆகும். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள்.