‘வேண்டாம்’ என்று சொன்னால் ஒதுக்கிவிடுவார்களா?

கேள்வி: கணவரின் வேலை காரணமாக ஸ்டாக்ஹோமுக்கு வந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன; எனக்கு வயது 36. குளிர்கால இருட்டில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கப் பிடிக்காமல் எட்டு மாதங்களுக்கு முன் லிண்டி ஹாப் என்ற, இருவர் இணைந்து ஆடும் நடனத்தின் வகுப்பில் சேர்ந்தேன். வாரத்தில் ஒரு நாள் வகுப்பு. இன்னொரு நாள் மாலையில் எல்லோரும் கூடி ஆடுவோம். இந்த ஊரில் எனக்கென்று கிடைத்த முதல் நட்பு வட்டம் இதுதான். அங்கே பல ஆண்டுகளாக ஆடிவரும் ஒருவர் வாரந்தவறாமல் என்னை ஆட அழைக்கிறார். ‘கையைத் தளர்த்து, முந்தாதே, நான் கொண்டுபோகும் இடத்துக்கு வா’ என்று ஆடும்போதே திருத்திக்கொண்டிருப்பார். போன மாதம், பாட்டு முடியும் வேளையில் எதிர்பாராமல் என்னைப் பின்பக்கம் சாய்த்ததில் தோள் பிடித்துக்கொண்டது, இன்னும் வலிக்கிறது. யார் அழைத்தாலும் மறுப்பதில்லை என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அவர் மூத்தவர், எல்லோருக்கும் வேண்டியவர். மறுத்தால் என்னை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இணையில் நான் ஃபாலோ, அதாவது வழிநடத்துபவரைப் பின்தொடர்ந்து ஆடுபவள். ஃபாலோ என்றால் சொன்னபடி கேட்பதுதானா? ‘பாட்டுக்கு ஓர் ஆளோடு ஆடுகிறாய்’ என்று கணவர் கிண்டல் செய்வதால், மளிகைப் பையைத் தூக்கியதில் தோள் பிடித்துக்கொண்டதாக அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நான் என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் தோளைக் கவனியுங்கள். ஒரு மாதமாகியும் வலி நீங்கவில்லை என்றால், அது தைலம் தேய்த்துப் பார்க்கும் கட்டத்தைக் கடந்துவிட்டது. ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டி, எப்படி அடிபட்டது என்பதை உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். மளிகைப் பையின் கதை அங்கே உதவாது. எந்தத் தோள் என்று நீங்கள் எழுதவில்லை. வலது தோளாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் இணையை வெளியே விட்டு மீண்டும் சேரும் ஸ்விங் அவுட் அடவில் வரும் இழுப்பைப் பெரும்பாலும் ஃபாலோவின் வலது கைதான் தாங்குகிறது.

இனி, யார் அழைத்தாலும் மறுக்கக் கூடாது என்ற விதிக்கு வருவோம். நியூயார்க்கில் வாழ்ந்த சில ஆண்டுகளில் நானும் இந்த நடனத்தைக் கற்றேன். சுமாராகத்தான் ஆடுவேன், ஆனால் சுவரோரம் நிறைய நேரம் உட்கார்ந்திருந்த அனுபவம் உண்டு. முதல் மாதங்களில் சுவரோரம் உட்கார்ந்திருப்பவர்களை நினைத்து, அழைக்கத் துணிந்த கற்றுக்குட்டியின் முகத்தில் அடித்தாற்போல் மறுக்க வேண்டாம் என்ற கனிவில் பிறந்த பழக்கம் அது. பழகப் பழக அது கனிவு என்பது மறந்து, கட்டளையாக இறுகிவிட்டது. வகுப்பில் அதைச் சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சொல் யாருக்கு வசதியாகிப் போனது என்று பாருங்கள். தயங்கித் தயங்கிக் கேட்கும் புதியவருக்காக ஏற்பட்ட வழக்கத்தை, தயக்கமே இல்லாத ஒருவர் எடுத்துப் பயன்படுத்துகிறார். வீட்டுக்கு வந்தவர் காபி வேண்டாம் என்றாலே மனம் சுருங்கிப்போகிற குடும்பங்களில் வளர்ந்தவர்கள் நாம் என்பதால், இந்தக் கட்டளை நம்மிடம் மற்றவர்களைவிடச் சற்று ஆழமாகவே பதிந்துவிடுகிறது.

உங்கள் முக்கியமான கேள்வி, ஃபாலோ என்றால் சொன்னபடி கேட்பதா என்பது. இதற்கு இந்த நடனம் பிறந்த இடத்தைப் பார்த்தால் போதும். ஹார்லெமின் லெனாக்ஸ் அவென்யூவில், 140-ஆம் தெருவுக்கும் 141-ஆம் தெருவுக்கும் இடையே, 1926 மார்ச்சில் திறக்கப்பட்டது சவாய் பால்ரூம். கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே தளத்தில் சேர்ந்து ஆடிய, அக்கால அமெரிக்காவில் மிக அரிதான அரங்கு அது. 1958-இல் மூடப்பட்டு, மறு ஆண்டு இடிக்கப்பட்டது. இன்று அங்கே குடியிருப்புகள் நிற்கின்றன, நடைபாதையோரம் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அந்த அரங்கில் லிண்டி ஹாப் உருவானபோது அதன் உயிர்நாடியாக இருந்தது, இணை சேர்ந்து சுழல்பவர்கள் சட்டென்று பிரிந்து, ஒரு கை மட்டும் கோத்திருக்க, ஆளுக்கொரு விதமாகத் தம் சொந்த அடவைப் போட்டுவிட்டு மறுபடி வந்து சேரும் அந்தப் பிரிவுதான். நீங்கள் வகுப்பில் எட்டு எண்ணிக்கைக்குப் போடும் ஸ்விங் அவுட் அதிலிருந்து வளர்ந்தது. ஃபாலோவுக்குச் சொந்தமாகப் பேச இடம் கொடுப்பதற்கென்றே அமைந்த அடவை ஆடிக்கொண்டே ‘நான் கொண்டுபோகும் இடத்துக்கு மட்டும் வா’ என்று ஒருவர் சொல்வது எனக்கு விந்தையாகத்தான் இருக்கிறது.

உங்கள் ஆசிரியர் கைப்பிடியை எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். நான்கு விரல்களும் கொக்கிபோல மெல்ல மடங்கியிருக்கும். கட்டைவிரல் மேலிருந்து அழுத்தாமல் சும்மா கிடக்கும். இருவரில் எவர் விரும்பினாலும் கை கழன்றுவிட வேண்டும் என்பதற்காகவே அப்படி. உங்களைச் சாய்த்தவர் இணையின் மணிக்கட்டைக் கட்டைவிரலால் பூட்டுகிறாரா என்று, அடுத்த முறை அவர் மற்றவர்களோடு ஆடும்போது தள்ளி நின்று கவனியுங்கள். பெரும்பாலும் பூட்டுவார் என்றே நினைக்கிறேன்.

எதிர்பாராத சாய்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். லிண்டி ஹாப்பில் ஆளைத் தூக்கி வீசும் வித்தைகள் உண்டு, அவற்றைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். சவாயில் ஷார்ட்டி ஸ்னோடன் என்ற குள்ளமான ஆட்டக்காரர் இருந்தார். அவருடைய இணை பிக் பீ நல்ல உயரமான பெண். ஆட்டத்தின் முடிவில் பிக் பீ அவரைத் தன் முதுகில் தூக்கிக்கொண்டு தளத்தைவிட்டு வெளியேறுவது சபையைச் சிரிப்பில் ஆழ்த்தும் வேடிக்கையாக இருந்தது. (யார் யாரைச் சுமப்பது என்பதில் அந்தக் காலத்திலேயே இவ்வளவு தாராளம்.) அதைப் பார்த்த இளைஞர் ஃபிராங்கி மேனிங், சுமந்து செல்வதோடு நிற்காமல் முதுகின் மேலாக இணையைப் புரட்டி இறக்கினால் என்ன என்று யோசித்தார். 1935-இல் நடந்த ஒரு போட்டியில் ஃப்ரீடா வாஷிங்டனோடு அதை ஆடிக் காட்டினார். இந்த நடனத்தின் முதல் வான்வித்தை அதுதான் என்கிறார்கள். ஆனால் அந்த ஒரு கணத்துக்கு முன்னால், ஃப்ரீடாவிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் துணிந்து சம்மதித்து, கீழே மெத்தையைப் போட்டுத் திரும்பத் திரும்ப விழுந்து பழகிய நாட்கள் இருந்தன. உங்களிடம் யார் கேட்டார்கள்? சாய்ப்பது வான்வித்தை அல்ல என்று அவர் வாதிடலாம். முதுகும் தோளும் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. நெரிசலான பொதுத் தளத்தில், முன்பின் பேசாமல், ஒருவரின் எடையைத் தன் கையில் வாங்கிக்கொள்வது தவறு. இனி யார் சாய்க்க முயன்றாலும், முழங்காலை மடக்கி உங்கள் எடையை உங்கள் காலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பாதி சாய்ந்தாலும் பார்ப்பதற்கு அழகாகவே இருக்கும்.

ஆடிக்கொண்டே திருத்துவதும் இந்த வட்டங்களில் பரவலாகவே அநாகரிகம் என்று கருதப்படுவதுதான். கேட்டால் சொல்லலாம், வலித்தால் சொல்லலாம். மற்றபடி பாடம் வகுப்போடு சரி. நான் பார்த்தவரை, நன்றாக ஆடுகிறவர்கள் இதைச் செய்வதில்லை. உங்கள் தவறிலிருந்தே ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு புதிதாக ஓர் அடவு செய்து சிரிப்பார்கள். பாதி மலை ஏறி நின்றுவிட்டவர்களுக்குத்தான் வழிகாட்டும் ஆசை அதிகம். மேனிங்கோ, வயது முதிர்ந்து உலகெங்கும் போய்ச் சொல்லிக்கொடுத்தபோது, எதிரே நிற்கும் பெண்ணை அரசியாக எண்ணி முதலில் தலைவணங்கும்படி ஆண்களுக்குச் சொன்னவர். உங்கள் ஊருக்கு வடக்கே ஹெர்ரெங் கிராமத்தில் 1982 முதல் கோடைகளில் நடந்துவரும் நடன முகாமுக்கும் 1989-இலிருந்து ஆண்டுகள் பல வந்து கற்பித்தார். ஆகவே உங்கள் ஊர்க்காரர்களில் சற்று வயதானவர்கள் அவரிடம் நேரிலேயே பயின்றிருக்கக் கூடும், விசாரித்துப் பாருங்கள்.

ஒதுக்கிவிடுவார்களோ என்ற உங்கள் பயம் கற்பனை என்று சொல்லி நான் தட்டிக்கழிக்க மாட்டேன். மூத்தவர், திறமைசாலி, எல்லோருக்கும் வேண்டியவர் என்ற காரணங்களால் பலர் வாயைத் திறக்காமல் இருந்ததுண்டு. 2015-இல் உலகெங்கும் அழைக்கப்பட்டு வந்த ஓர் ஆசிரியர் மீது பெண்கள் சிலர் பாலியல் குற்றச்சாட்டுகளை வெளிப்படையாக எழுதிய பிறகுதான், இந்தச் சமூகம் தன்னைத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பின் பல நாடுகளில் அமைப்பாளர்கள் நடத்தை விதிகளை எழுதி அரங்கில் ஒட்டினார்கள். புகார் கேட்பதற்கென்று ஆட்களை நியமித்தார்கள். ‘மறுக்க எவருக்கும் உரிமை உண்டு’ என்ற வரி பல விதிப்பட்டியல்களில் இடம்பெற்றது. உங்கள் நபரை அந்த ஆசிரியரோடு ஒப்பிடவில்லை. அவர் வெறும் அசட்டுத் தலைக்கனக்காரராகவே இருக்கலாம். ஆனால் புகார் சொல்ல வழி இருக்கிறது என்பதும், அது உங்களைப் போன்றவர்களுக்காகவே உண்டானது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் அவர் கையை நீட்டும்போது, ‘நன்றி, வேண்டாம்’ என்றால் போதும். காரணம் சொல்லாதீர்கள். கால் வலிக்கிறது என்றால் ‘அடுத்த பாட்டுக்கு வரட்டுமா’ என்பார். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்றால் காத்திருப்பார். ஒருவரை மறுத்துவிட்டு அதே பாட்டுக்கு இன்னொருவரோடு ஆடுவது மரியாதையல்ல என்று சில இடங்களில் ஒரு வழக்கம் உண்டு; சாதாரண நேரங்களில் அதைக் கடைப்பிடிப்பது நல்லது, உங்களுக்கு அடிபடுத்தியவர் விஷயத்தில் அது செல்லாது. அவரே ஏனென்று கேட்டால் அப்போது சொல்லுங்கள்: ‘போன மாதம் நீங்கள் சாய்த்ததில் என் தோளில் அடிபட்டது, உங்களோடு ஆட எனக்கு விருப்பமில்லை.’ கண்ணியமுள்ளவர் என்றால் முகம் வெளிறி மன்னிப்புக் கேட்பார். வாதாடினால், அன்றிரவே அமைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். எப்படியும் அமைப்பாளரிடம் தோளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது என்பேன், ஏனெனில் உங்களுக்கு நேர்ந்தது நேற்றுச் சேர்ந்த இன்னொரு பெண்ணுக்கும் நேரக்கூடும். உங்களுக்கு வகுப்பெடுத்த ஆசிரியரிடமும், யாரையும் மறுக்கக் கூடாது என்ற அந்த வாக்கியத்தை இனிச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள்.

கணவர் விஷயத்தில் நான் சற்றுக் கண்டிப்பாகவே பேசப்போகிறேன். அவருடைய கிண்டல் எனக்குப் பெரிதாகப் படவில்லை. பாட்டுக்குப் பாட்டு இணை மாறுவது எவரோடும் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கான ஏற்பாடு என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிதில் விளங்காது. ஸ்வீடனில் ஒருவரோடு இரண்டு பாட்டு ஆடி, நன்றி சொல்லிப் பிரிவது வழக்கம். கணவனும் மனைவியுமாக வருகிறவர்கள்கூட மாலை முழுவதும் ஒருவரோடொருவர் மட்டும் ஆடுவதில்லை. அவரை வகுப்பில் சேரும்படி வற்புறுத்த வேண்டாம். கற்றுக்கொண்டால் புரிந்துவிடும் என்பார்கள். ஆடப் பிடிக்காத மனிதரை ஆடவைத்தால் வெறுப்புத்தான் மிஞ்சும். ஒரு மாலை மட்டும் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை வந்து உட்காரச் சொல்லுங்கள். வேர்வையில் நனைந்த சட்டையை மாற்றப் பையில் மூன்று சட்டை கொண்டுவருகிறவர்களையும், எழுபது வயதுக்காரரை அழைத்து ஆடும் கல்லூரி மாணவியையும், பெண்ணோடு பெண்ணும் ஆணோடு ஆணும் எந்தக் கூச்சமும் இன்றி ஆடுவதையும் அவர் கண்ணால் பார்த்தால், கிண்டல் தானாகக் குறைந்துவிடும். குறையாவிட்டாலும் அது வேறு விதமான கிண்டலாக இருக்கும்.

என்னை உறுத்துவது அந்த மளிகைப் பைதான். ‘அப்படியானால் போகாதே’ என்று கணவர் சொல்லிவிடுவார் என அஞ்சி நீங்கள் மறைத்திருக்கிறீர்கள். அந்த ஒரு பொய்யால், உங்களுக்கு அடிபடுத்தியவரை நீங்களே காப்பாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். மேலும், வீட்டிலும் அரங்கிலும் ஒரே நேரத்தில் உண்மையை விழுங்குகிறவருக்கு இரண்டு இடத்திலும் நிம்மதி இருக்காது. பிசியோதெரபிஸ்டைப் பார்க்கப் போகும் நாளிலேயே கணவரிடம் சொல்லுங்கள். ‘ஒருவர் முரட்டுத்தனமாக ஆடினார், அடிபட்டது, இனி அவரோடு ஆடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன், நடனத்தை விடுவதாக இல்லை’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால், போகாதே என்று சொல்ல அவருக்கு இடம் இருக்காது.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் ஒன்று கண்ணில் பட்டது. எல்லா இடத்திலும் ‘அழைக்கிறார்’, ‘அழைத்தாலும்’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். எட்டு மாதத்தில் நீங்களாக யாரையாவது அழைத்ததாக ஒரு வரியும் இல்லை. பெண் அழைப்பது அங்கே சாதாரணம். தோள் சரியானதும், வாசலில் நின்று அந்த மூத்தவர் கண்ணில் படாமல் இருக்க வழி தேடுவதற்குப் பதிலாக, நீங்கள் ஆட விரும்பும் இரண்டு மூன்று பேரை மனதில் குறித்துக்கொண்டு போய், பாட்டு தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். அவர்களில் ஒருவர் ‘நன்றி, இப்போது வேண்டாம்’ என்று உங்களிடமே சொல்லக்கூடும். முகம் ஒரு நொடி சிவக்கும். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்தவரிடம் போய்க் கேட்பீர்கள்.