சட்டம் தானாக மாறுமா?

கேள்வி: ஓரினச்சேர்க்கையாளர் உரிமை என்று ஊர்வலம், வழக்கு எல்லாம் எதற்கு? சமூகம் பக்குவப்பட்டால் சட்டம் தானாக மாறிவிடாதா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: மாறாது. ஜெர்மனியில் நடந்ததைப் பாருங்கள்.

1867-ல் மியூனிக்கில் நடந்த சட்ட வல்லுநர்கள் மாநாட்டில் கார்ல் ஹைன்ரிஷ் உல்ரிக்ஸ் என்ற சட்ட அறிஞர் எழுந்து, ஆணை ஆண் விரும்புவதைக் குற்றமாக்காதீர்கள் என்று பேசினார். கூச்சல் போட்டே அவரை நிறுத்தினார்கள். துணைக்கு ஓர் அமைப்புகூட இல்லாத காலத்தில் தனி ஆளாகப் பேசிய அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது. அவர் அஞ்சியபடியே, அன்றைய ஜெர்மன் அரசுகளில் பெரியதான பிரஷ்யாவில் அதைக் குற்றமாக்கியிருந்த சட்டம் 1871-ல் ஜெர்மனி முழுமைக்கும் 175-ஆம் பிரிவாக வந்தது.

1897-ல் மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் பெர்லினில் ஓர் அமைப்பு தொடங்கி, அந்தப் பிரிவை நீக்கக் கோரிக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார். பின்னாளில் ஐன்ஸ்டைனும் எழுத்தாளர் தாமஸ் மன்னும்கூடக் கையெழுத்திட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் விடாமல் போராடிய பிறகு, 1929-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று பிரிவை நீக்கலாம் என்று வாக்களித்தது. சரி, நீங்கள் சொல்லும் பக்குவம் வந்துவிட்டது என்றுதான் அன்று பலரும் நம்பியிருப்பார்கள்.

அது முழுச் சபையின் வாக்கெடுப்புக்கு வருவதற்குள் நாஜிகள் வந்துவிட்டார்கள். 1933 மே மாதம் ஹிர்ஷ்ஃபெல்டின் பாலியல் ஆய்வு நிலையத்தைச் சூறையாடி, நூல்களைப் பொதுச் சதுக்கத்தில் எரித்தார்கள். 1935-ல் பிரிவை இன்னும் கடுமையாக்கினார்கள். ஆயிரக்கணக்கான ஆண்கள் சட்டையில், ஓரினச்சேர்க்கையாளர் என்று அடையாளம் காட்டும் இளஞ்சிவப்பு முக்கோணத்தோடு வதைமுகாம்களில் அடைபட்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் என் மனதுக்கு ஆறவே இல்லை. 1945-ல் முகாம்கள் திறந்தன. ஆனால் இவர்களில் சிலரை, மிச்சத் தண்டனையைக் கழிக்கச் சொல்லிச் சிறைக்கு அனுப்பினார்கள்! நாஜிகள் கடுமையாக்கிய அதே பிரிவை மேற்கு ஜெர்மனி 1969 வரை அப்படியே வைத்திருந்தது. 1957-ல் அரசியல் சாசன நீதிமன்றமும் அது செல்லும் என்றது. அந்தக் காலத்தில் தண்டிக்கப்பட்டவர்கள் சுமார் 50,000 பேர். ஹிட்லர் போய்விட்டார், ஜனநாயகம் வந்துவிட்டது. இவர்களுக்கு மட்டும் எதுவும் தானாக மாறவில்லையே!

பிரிவு முழுதாக ஒழிந்தது 1994-ல். போருக்குப் பிந்தைய தண்டனைகள் ரத்தானது 2017-ல். அதற்கும், தண்டனை அனுபவித்த முதியவர்கள் சிலரே முன்வந்து, தங்கள் மேலிருந்த குற்றவாளிப் பட்டத்தை நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.