பையில் என்ன தம்பி?

கல்லூரி முடித்து வேலைக்காக ஊர் ஊராக அலைந்த காலத்தில், முன்பின் தெரியாதவர்களோடு வேடிக்கையாக ஏதாவது நடந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நடந்ததெல்லாம் ஒரு பையால்தான்.

2012-ல் ஈசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங், முடித்தேன். கேம்பஸில் ஒன்றும் அமையவில்லை. மதுரையில் எலக்ட்ரானிக் தராசு விற்கும் ஒரு கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர் என்று எடுத்துக்கொண்டார்கள். இன்ஜினியர் என்பது விசிட்டிங் கார்டில் மட்டும். மற்றபடி சுமைதூக்கிதான். கடைத் தராசுகளுக்கு வருஷத்துக்கு ஒருமுறை அரசு முத்திரை வைக்க வேண்டும், ஸ்டாம்பிங் என்போம். அதற்கு முன்னால் நாங்கள் போய்த் தராசைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். பத்து கிலோ கல் ஒன்று, ஐந்து கிலோ கல் இரண்டு, எல்லாம் வார்ப்பிரும்பு. ஆக மொத்தம் இருபது கிலோ, பார்த்தால் லேப்டாப் பை போலவே இருக்கும் ஒரு கறுப்புப் பைக்குள். ஐடி பையன் என்று ஊர் நினைத்துக்கொள்ளட்டுமே என்று நானே தேடி வாங்கிய பை. அதுதான் வினை.

நம் ஊர் பஸ்ஸில் நின்றுகொண்டு போனால், உட்கார்ந்திருப்பவர்கள் கை நீட்டிப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள் இல்லையா? திண்டுக்கல்லில் இருந்து மதுரை திரும்பும்போது ஒரு அம்மா அப்படிக் கேட்டார். "வேண்டாங்க, வெயிட்டா இருக்கும்" என்றேன். "அட குடு தம்பி, நாங்க தூக்காத வெயிட்டா" என்று பிடுங்கி மடியில் வைத்தார். அவர் போட்ட "ஆத்தாடி!"யில் டிரைவர் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தார்.

"அம்மிக்கல்லையா தூக்கிட்டுப் போற?"

"எடைக்கல்லுங்க. தராசு செக் பண்றதுக்கு."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அப்ப வாடிப்பட்டில இறங்கி ஒரு அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போ. எங்க தெருவுக்கு வர்ற தக்காளிக்காரன் தராசை ஒரு கை பாத்துரலாம்" என்றார். எனக்கு அந்த அதிகாரமெல்லாம் கிடையாது, நான் வெறும் சர்வீஸ் ஆள் என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. வாடிப்பட்டி வரைக்கும் பையை மடியிலிருந்து இறக்கவும் இல்லை. உதவியா, பிணையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கொடைக்கானல் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர் நல்ல ஆகிருதி. சீட்டில் முக்கால்வாசி அவர், மீதியில் நான். பை விஷயம் தெரிந்ததும், "மலைக்கு மேல போனா எடை குறையுமாமே, நெசமா?" என்று கேட்டார். எனக்கோ படித்ததைச் சொல்ல ஆளே கிடைக்காத காலம். உயரம் போகப் போகப் புவியீர்ப்பு கொஞ்சம் குறையும், கீழே சரிசெய்த தராசை மேலே கொண்டுபோனால் குறைத்துத்தான் காட்டும், அதனால்தான் இந்தக் கல்லோடு மலையேறுகிறேன் என்று வளைவுக்கு வளைவு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் நூத்திப் பத்து. மேல எவ்வளவு வரும்?" என்றார். ஐம்பது கிராம் போலக் குறையும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காலைல தின்ன போண்டாவே அதுக்கு மேல இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டார்.

ஆனால் மறக்கவே முடியாதது ஒரு ரயில்வே ஜங்ஷனில் நடந்தது. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். 2013, ராத்திரி இரண்டரை மணி இருக்கும். பிளாட்பாரத்தில் பையைத் தலைக்கு வைத்துப் படுக்கவும் முடியாமல் (இரும்பு), விட்டுவிட்டு டீக்குப் போகவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஏட்டும் ஒரு கான்ஸ்டபிளும் வந்தார்கள். கான்ஸ்டபிள் லத்தியால் பையை லேசாகத் தள்ளினார். பை அசையவில்லை. இரண்டு பேர் முகமும் மாறிவிட்டது.

"பையில் என்ன தம்பி?"

திறந்து காட்டினேன். ஐடி கார்டையும் காட்டினேன். ஏட்டு ஒவ்வொரு கல்லாக எடுத்து முத்திரையை டார்ச் அடித்துப் பார்த்தார். சரி, முடிந்தது என்று நினைத்தேன். கான்ஸ்டபிள் மட்டும் நகரவில்லை. "அப்ப இது கரெக்ட் இருபது கிலோவா?" என்றார். "கிராம் சுத்தமா இருக்கும் சார்."

அவர் கண் போன திசையில் நின்றது, காசு போட்டால் கலர் பல்பு எரிந்து, சக்கரம் சுற்றி, எடையும் பலனும் அச்சடித்த சீட்டைத் துப்புமே, அந்த மெஷின். சாயந்திரம் ஏறி நின்றிருக்கிறார். 92 காட்டியிருக்கிறது. அதிலிருந்து ஏட்டு அவரை ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

மூன்று பேருமாகக் கற்களைத் தூக்கி மெஷின் மேல் வைத்தோம். ஏட்டே நாணயம் போட்டார். சீட்டு விழுந்தது. 23.

"பாத்தீங்களா ஏட்டய்யா! மூணு கிலோ கூடக் காட்டுது. நான் எம்பத்தொம்பது!"

ஏட்டு சீட்டைத் திருப்பிப் பலனைப் படித்தார். என் கல் மூன்றும் சேர்ந்து இளகிய மனசு படைத்ததாம், எளிதில் உருகிவிடுமாம்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அப்படிச் சொல்ல முடியாது சார். இருபதுக்கு மூணுன்னா நூத்துக்குப் பதினஞ்சு. அந்தக் கணக்குல பாத்தா நீங்க எம்பதுதான்" என்றேன். கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிவிட்டார். எம்பதா! கல்யாணமானப்ப இருந்த எடை!

"ஏம்ப்பா, எம்பத்தொம்பதா எம்பதா? ரெண்டுல எது?" என்றார் ஏட்டு. நியாயமான கேள்வி. ஐந்து கிலோ கல் இரண்டையும் இறக்கிவிட்டுப் பத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். பதின்மூன்று காட்டினால் சைபரில் தப்பு, எல்லா எடைக்கும் அதே மூன்று கிலோதான் கூடும். பதினொன்றரை காட்டினால் எடை ஏற ஏறத் தப்பும் ஏறும், அப்போது எண்பதுதான். ஏட்டு இன்னொரு நாணயத்தை எடுத்தார். கான்ஸ்டபிள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கய்யா. ரெண்டு மணிக்கு மேல எதுக்கு இந்த ஆராய்ச்சி. தம்பிக்கு ரயில் வந்துரும்."

ரயில் வர இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. மூன்று பேரும் டீ குடித்தோம், காசு கான்ஸ்டபிள்தான் கொடுத்தார். வண்டி வந்ததும் என்னைத் தொடவிடாமல் பையை அவரே ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டுபோய் பெட்டிக்குள் வைத்துவிட்டு இறங்கினார்.

"இருபதெல்லாம் இருக்காது தம்பி," என்றார் ஜன்னல் வழியாக. "பதினேழுதான் இருக்கும்."