லைன் லீடர் ஆகச் சொல்றாங்க, பேசணும்னு நெனச்சாலே கை நடுங்குது. என்ன பண்றது?

ஆரம்பாக்கத்துல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. எல்லை தாண்டி ஆந்திராவுல இருக்கற ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைல ஒரு கம்பெனில அசெம்பிளி லைன்ல பல வருஷமா இருக்காங்க, லைன் லீடர் போஸ்ட் ரெண்டு தடவ தேடி வந்துச்சாம், ரெண்டு தடவயும் "குழந்த சின்னது சார்"னு சொல்லி தட்டிக் கழிச்சிட்டாங்க. நெஜக் காரணம் வேற. ஷிப்ட் ஆரம்பிக்கறப்ப மொத்த லைனுக்கு முன்னாடி நின்னு நேத்து ரிஜெக்‌ஷன் எவ்ளோ, இன்னிக்கு டார்கெட் எவ்ளோன்னு தெலுங்குல சொல்லணும். "தெலுங்கு நல்லா புரியும் மேடம், வாயத் தொறந்தா தமிழ்தான் வருது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, சிரிப்பாங்களேன்னு இருக்கு. இப்ப மூணாவது தடவ கேக்கறாங்க. பயம் போக வழி சொல்லுங்க"ன்னு எழுதியிருக்காங்க.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், பயம் போகட்டும் அப்புறம் ஒத்துக்கலாம்னு உக்காந்திருந்தா அது போகாது. நீங்க "வேணாம் சார்"னு சொல்லிட்டு அன்னிக்கு சாயங்காலம் கம்பெனி பஸ்ல ஏறி உக்காந்ததும் அப்பாடான்னு இருந்திருக்கும்ல, பிரச்சனையே அந்த அப்பாடாவுலதான் இருக்கு. மூளை அத ஒரு பாடமா எடுத்துக்குது, வேணாம்னு சொன்னதாலதான் தப்பிச்சோம்னு. பேசியிருந்தா என்ன ஆயிருக்கும்னு பாக்கற சான்ஸே அதுக்கு கெடைக்கல, அதனாலதான் ஒவ்வொரு தடவ மறுக்கறப்பவும் அடுத்த தடவ பயம் இன்னும் கூடுது.

அடுத்தது, உங்க லெட்டர்ல ரெண்டு விஷயம் ஒண்ணா கலந்து கெடக்கு. தெலுங்கு பேச வராதது ஒண்ணு, கூட்டத்துக்கு முன்னாடி நிக்கற பயம் ஒண்ணு. தெலுங்கு விஷயம் ரொம்ப சின்னது. ஷிப்ட் மீட்டிங்ல ஒரு நாளைக்கு என்ன பேசப் போறீங்க, "நின்ன ரிஜெக்‌ஷன் பன்னெண்டு, ஈ ரோஜு டார்கெட் எனிமிதி வந்தலு" (நேத்து ரிஜெக்‌ஷன் 12, இன்னிக்கு டார்கெட் 800), இந்த மாதிரி அஞ்சாறு வாக்கியம், பாதி வார்த்த இங்கிலீஷ். பக்கத்து சீட்டு பொண்ணுகிட்ட கேட்டு தமிழ் எழுத்துலயே ஒரு துண்டு பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க, ஒரு வாரத்துல வாய்க்கு வந்துடும்.

பயத்துக்கு வேற வைத்தியம். ஜோசப் வோல்ப்னு தென்னாப்பிரிக்க டாக்டர் ஒருத்தர் 1950கள்லயே இதுக்கு ஒரு முறை கொண்டு வந்தாரு, இப்ப வரைக்கும் அதோட அடிப்படைய வச்சுதான் பயத்துக்கு சிகிச்சை குடுக்கற நாங்க வேல பாக்கறோம். பயத்துக்கு 0ல இருந்து 100 வரைக்கும் மார்க் போடணும், கம்மி மார்க்ல இருந்து மேல ஏறணும். உங்களுக்குன்னா நான் இப்படி போடுவேன்: கேன்டீன் க்யூவுல பக்கத்துல நிக்கறவங்ககிட்ட தெலுங்குல ரெண்டு வார்த்த பேசறது 20, க்யூசி (தரம் பாக்கற) ஆளுகிட்ட ஒரு டிஃபெக்ட தெலுங்குல சொல்றது 40, ஷிப்ட் முடியறப்ப அடுத்த லீடருக்கு ஹேண்டோவர் குடுக்கறது 60, இப்ப இருக்கற லீடர் லீவுன்னா அந்த காலை மீட்டிங்க நீங்க எடுக்கறது 80. ஒரு படிய ஒரே ஒரு தடவ செஞ்சிட்டு அடுத்ததுக்கு தாவாதீங்க, அதே படில சலிச்சுப் போற வரைக்கும் நில்லுங்க.

ஒவ்வொரு தடவயும் போறதுக்கு முன்னாடி ஃபோன்ல ஒரு வரி டைப் பண்ணுங்க, என்ன நடக்கும்னு பயப்படறீங்களோ அத. சும்மா "கேவலமா போயிடும்"னு எழுதாதீங்க, அத அளக்க முடியாது. "பத்து பேராவது சிரிப்பாங்க", "பாதில நின்னுடுவேன்", இந்த மாதிரி எண்ணிப் பாக்கற மாதிரி எழுதுங்க. முடிச்சதும் கீழயே நெஜமா நடந்தத எழுதுங்க. மூச்சுப் பயிற்சிய விட இந்த ரெண்டு வரிக்குதான் நான் அதிக மதிப்பு குடுப்பேன், ஏன்னா நெனச்சது ஒண்ணு நடந்தது ஒண்ணுன்னு கண்ணால பாத்தாதான் மூளை பழைய பாடத்த விடும். இன்னொண்ணு, தலையத் தூக்காம பேப்பரயே பாத்துப் படிக்கறது, கடகடன்னு சொல்லிட்டு ஓடறது, ஃப்ரெண்ட பேச வைக்கறது இதெல்லாம் வேணாம், அப்புறம் பேப்பராலதான் தப்பிச்சேன்னு தோணும். நம்பர் மட்டும் பேப்பர்ல இருக்கலாம்.

சிரிப்பாங்களான்னு கேட்டா ஒருத்தர் ரெண்டு பேரு சிரிக்கலாம், பொய் சொல்ல மாட்டேன். ஆனா நாம நெனக்கற அளவுக்கு ஊரு நம்மள கவனிக்கறதில்ல. அமெரிக்காவுல கார்னெல் யூனிவர்சிட்டி ஆளுங்க 2000ல வெளியிட்ட ஆராய்ச்சில, மாணவங்கள வெக்கப்படற மாதிரி ஒரு டீ-ஷர்ட்ட போட்டுக்கிட்டு ஒரு ரூமுக்குள்ள போகச் சொன்னாங்க, கிட்டத்தட்ட பாதிப் பேரு கவனிச்சிருப்பாங்கன்னு போட்டவங்க நெனச்சாங்க, கவனிச்சது கால்வாசிப் பேருதான். அவ்ளோ ஏன், நாயுடுபேட்டைல இருந்து வர்ற பசங்க உங்ககிட்ட தப்புத் தப்பா தமிழ் பேசறாங்கல்ல, அத எத்தன நாள் ஞாபகம் வச்சிருந்தீங்க?

நெஞ்சு அடிக்கறது பயத்துல உடம்புல சுரக்கற அட்ரினலின் வேல, ஆபத்தில்ல, பேச ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல தானா எறங்கும். மூச்ச உள்ள இழுக்கறத விட மெதுவா நீளமா வெளிய விடுங்க. யாரோ சொன்னாங்கன்னு மெடிக்கல்ல ப்ரோப்ரனலால்னு நெஞ்சுத் துடிப்பக் கொறைக்கற மாத்திரைய வாங்கிப் போடாதீங்க, வீசிங் இருக்கறவங்களுக்கு அது ஆபத்து, டாக்டர் சொல்லாம தொடவே கூடாது. மாசக்கணக்கா தூக்கம் இல்ல, கேன்டீன்ல நாலு பேரோட உக்காந்து சாப்பிடவே முடியலங்கற அளவுக்கு இருந்தா இது வெறும் மேடை பயம் இல்ல, மனநல டாக்டர பாக்கணும். 14416க்கு ஃபோன் பண்ணலாம், டெலி மானஸ், கவர்மென்ட் சர்வீஸ், காசு இல்ல, ராத்திரிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

இப்ப சூப்பர்வைசருக்கு என்ன சொல்றதுன்னு கேட்டா, வேணாம்னு சொல்லாதீங்க, இன்னிக்கே சரின்னும் சொல்ல வேணாம். "சார், லீடர் லீவுல இருக்கறப்ப ரெண்டு மூணு நாள் நான் பாக்கறேன், அதுக்கப்புறம் முடிவு பண்ணலாம்"னு கேளுங்க, பெரும்பாலும் ஒத்துக்குவாங்க, அவங்களுக்கும் ஆள் தேவ. அப்பவே சம்பளம் எவ்ளோ ஏறும், நைட் ஷிப்ட் கட்டாயமா, அந்த நேரத்துக்கு ஆரம்பாக்கத்துக்கு பஸ் உண்டான்னும் கேட்டு வச்சுக்கங்க. அந்தக் கணக்கு ஒத்து வரலன்னா மறுக்கறது உங்க உரிம, அப்ப குழந்தய சாக்கு சொல்ல வேண்டியதில்ல.