கேள்வி–பதில்: கோப்ரா முடிகிற தேதி

கேள்வி: கணவருக்கு வேலை போனபின் பழைய கம்பெனி இன்சூரன்ஸையே கோப்ராவில் (வேலை போனபின்னும் கம்பெனி காப்பீட்டைக் குறிப்பிட்ட காலம் தொடர விடும் அமெரிக்கச் சட்டம்) தொடர்கிறோம். 18 மாதக் கெடு ஜூன் 30-ல் முடிகிறது. அவர் இப்போது சொந்தமாகக் கன்சல்டிங் செய்கிறார். பிரீமியம் கழுத்தை நெரிப்பதால், ஏப்ரலோடு நிறுத்திவிட்டு மார்க்கெட்பிளேஸில் (தனிநபர்கள் காப்பீடு வாங்கும் அரசுச் சந்தை) சேரலாம் என்கிறார்கள் தெரிந்தவர்கள். மகனுக்கு ஆஸ்துமா. நிறுத்தலாமா?
– வாசகி, டல்லஸ்

பதில்: தயவுசெய்து ஏப்ரலில் நிறுத்தாதீர்கள். கோப்ராவின் முழுக் காலமும் தீர்ந்து காப்பீடு போனால்தான் வருடத்தின் நடுவே மார்க்கெட்பிளேஸில் சேர வழி திறக்கும். நீங்களாக நிறுத்தினாலும், பணம் கட்டாமல் ரத்தானாலும் அந்த வழி திறக்காது. நவம்பர் 1-ல் தொடங்கும் பொதுச் சேர்க்கை வரை காத்திருந்து, ஜனவரியில்தான் காப்பீடு பெற முடியும். இரண்டு மாத பிரீமியத்தை மிச்சம் பிடிக்கப்போய், ஆஸ்துமா உள்ள பிள்ளையோடு எட்டு மாதம் காப்பீடில்லாமல் இருக்க நேரும். (பழைய கம்பெனி கோப்ரா பிரீமியத்தில் ஒரு பங்கைக் கட்டிவந்து, அதை நிறுத்திவிட்டால் கெடுவுக்கு முன்பே மாறலாம். முழுப் பணத்தையும் நீங்களே கட்டுகிறீர்கள் என்றால் இது பொருந்தாது.)

டெக்சாஸில் விண்ணப்பம் ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில். காப்பீடு முடிவதற்கு 60 நாள் முன்பிருந்து 60 நாள் பின்புவரை அவகாசம். உங்களுக்கு மே 1 முதல் ஆகஸ்ட் 29 வரை. ஆகஸ்ட் வரை நேரம் இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். ஜூன் 30-க்குள் பிளானைத் தேர்ந்தெடுத்தால் ஜூலை 1-ல் காப்பீடு தொடங்கும். ஜூலை 2-ல் தேர்ந்தெடுத்தால் ஆகஸ்ட் 1-ல்தான். ஜூலை முழுக்கப் பாதுகாப்பில்லை.

பலர் தடுக்கி விழுவது, எந்தத் தேதியில் காப்பீடு போகிறது என்ற கேள்வியில். வேலை போன தேதியைப் போட்டுவிடுகிறார்கள். அது ஒன்றரை வருடம் பழையது என்பதால் 60 நாள் வரம்புக்கு வெளியே போய், தகுதியில்லை என்று பதில் வரும். ஜூன் 30 என்று போடுங்கள். கோப்ராவை நிர்வகிக்கும் நிறுவனத்திடம் மே மாதமே ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். அதில் முடியும் தேதியும் மூன்று பேர் பெயரும் இருக்க வேண்டும். கணவர் பெயர் மட்டும் இருந்தால் உங்களுக்கும் மகனுக்கும் தனியாகச் சான்று கேட்கக்கூடும். பிளானைத் தேர்ந்தெடுத்தபின் ஆவணம் அனுப்ப 30 நாள் உண்டு. முதல் பிரீமியத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டும்வரை பாலிசி நடைமுறைக்கு வராது என்பதையும் மறக்காதீர்கள்.

ஆஸ்துமாவைக் காரணம் காட்டி மார்க்கெட்பிளேஸ் பிளான் எதுவும் உங்களை மறுக்கவோ, கூடுதலாக வசூலிக்கவோ முடியாது. 2014 முதல் சட்டம் அப்படி. ஆனால் மகனின் இன்ஹேலர் மருந்துப் பட்டியலில் உண்டா, எந்த விலை அடுக்கில் இருக்கிறது என்பது பிளானுக்குப் பிளான் மாறும். டப்பாவில் இருக்கும் பெயரையும் அளவையும் அப்படியே போட்டுத் தேடுங்கள். டாக்டர் அலுவலகத்தில் விசாரிக்கும்போது காப்பீட்டு நிறுவனத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரு நிறுவனத்தின் கம்பெனி பிளானை ஏற்பவர்கள், அதே நிறுவனத்தின் மார்க்கெட்பிளேஸ் எச்எம்ஓவை (குறிப்பிட்ட டாக்டர்களிடம் மட்டும் போக வேண்டிய பிளான்) ஏற்காமல் இருக்கலாம். பிளானின் முழுப் பெயரையும் படித்துக் காட்டிக் கேளுங்கள். டிடக்டிபிள் (காப்பீடு கட்டத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) ஜூலையில் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆகவே, இந்த வருட டிடக்டிபிளைக் கட்டி முடித்திருந்தால், செக்கப்பையும் 90 நாள் மருந்தையும் ஜூனிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மார்க்கெட்பிளேஸ் பிரீமியத்துக்கு அரசு மானியம் உண்டா என்பது அந்த வருடம் முழுவதற்குமான குடும்ப வருமான மதிப்பீட்டைப் பொறுத்தது. கன்சல்டிங்கில் செலவு போக நிற்கும் தொகையோடு, பங்கு விற்ற லாபத்தையும் சேருங்கள். குறைத்துச் சொன்னால் வரி தாக்கல் செய்யும்போது மானியத்தைச் சரிபார்க்கும் படிவம் 8962 அதைக் காட்டிக்கொடுக்கும், திருப்பிக் கட்ட வேண்டிவரும். மலிவாக இருக்கிறதே என்று குறுகிய காலப் பாலிசி பக்கம் போக வேண்டாம். முன்பே இருக்கும் நோயை அவை விலக்கிவிடும். அப்படி வாங்கினால் மகனுடைய இன்ஹேலருக்கே கைக்காசு போட வேண்டிவரும்.

கேள்வி: கோப்ரா முடிந்ததும் மனைவியின் அலுவலகக் காப்பீட்டில் சேர எனக்கும் 60 நாள் அவகாசம்தானே?
– வாசகர், நியூ ஜெர்ஸி

பதில்: இல்லை. மார்க்கெட்பிளேஸுக்குத்தான் 60. கம்பெனி காப்பீட்டில் சட்டம் உறுதிசெய்யும் அவகாசம் 30 நாள்தான். அதற்கு மேல் தருவது கம்பெனியின் விருப்பம். இங்கேயும் கோப்ரா முழுதாகத் தீர்ந்திருக்க வேண்டும். மனைவி அவர் அலுவலக எச்ஆரிடம் இப்போதே படிவத்தை வாங்கி வைக்கட்டும்.

கேள்வி: எனக்கு வயது 66. போன டிசம்பர் 31-ல் ஓய்வு பெற்றேன். கோப்ரா அடுத்த ஜூன் வரை இருக்கிறது. அதன்பிறகு மெடிகேர் (65 வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடு) பார்ட் பி, அதாவது டாக்டர் செலவுக்கான பகுதி, எடுத்தால் போதுமா?
– வாசகர், அட்லாண்டா

பதில்: போதாது. மெடிகேர் கணக்கில் கோப்ரா, வேலையில் இருப்பவரின் காப்பீடு அல்ல. அபராதமில்லாமல் பார்ட் பி எடுப்பதற்கான 8 மாதம் உங்களுக்கு ஜனவரியிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆகஸ்ட் 31-க்குள் சேர வேண்டும். தவறவிட்டால் ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கும் மெடிகேர் பொதுச் சேர்க்கைதான் வழி. தாமதித்த ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீதம் கூடும், பார்ட் பி இருக்கும்வரை அது கூடவே வரும். இன்னொன்று இதைவிடக் கவலை தருவது: மெடிகேருக்குத் தகுதி இருந்தும் சேராதவருக்கு, மெடிகேர் கட்ட வேண்டிய பங்கைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் கோப்ரா பிளான் கட்டலாம். ஆஸ்பத்திரி பில் வந்தபின்தான் பலருக்கு இது தெரியவருகிறது. பார்ட் பி விண்ணப்பமான சிஎம்எஸ் 40பி படிவத்தை நீங்கள் நிரப்புங்கள். வேலைவழிக் காப்பீடு இருந்ததற்குச் சான்றான சிஎம்எஸ் எல்564 படிவத்தைப் பழைய கம்பெனியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கி, இரண்டையும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் சேருங்கள். கையெழுத்துக்கு வாரக்கணக்கில் ஆகலாம். இந்த வாரமே அனுப்புங்கள்.

கேள்வி: கலிபோர்னியாவில் கோப்ராவை 18 மாதத்துக்கு மேல் நீட்டிக்க முடியுமா?
– வாசகி, ஃப்ரீமான்ட்

பதில்: பழைய கம்பெனி தன் கைப்பணத்தில் செலவை ஏற்கும் பிளானாக இல்லாமல், காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கிய பிளானாக இருந்தால் முடியும். கால்-கோப்ரா என்ற மாநிலச் சட்டம் மூலம் மொத்தம் 36 மாதம் வரை போகலாம். பிரீமியம் முழுத்தொகையின் 110 சதவீதம் வரை இருக்கலாம் என்பதால், கவர்டு கலிபோர்னியா (அந்த மாநில மார்க்கெட்பிளேஸ்) விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.