பதினொரு மணிக்கு ஏன் கூப்பிடுகிறீர்கள்?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் எச்.ஆர். ஆக இருக்கிறேன். வெளிநாட்டு பையரிடம் (சரக்கு வாங்குபவரிடம்) பேசி ஆர்டரை முடித்துக் கொடுக்கும் ஜூனியர் மெர்ச்சண்டைசர்கள் ஐந்து பேரை இந்த வருடம் எடுத்தோம். மூன்று பேர் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. இன்டர்வியூவுக்கு வருகிறவர்களுக்கு ஷோரூம், சாம்பிள் ரூம், கேன்டீன் எல்லாம் சுற்றிக் காட்டுகிறோம். “நல்ல கம்பெனி” என்று சொல்லித்தான் சேர்கிறார்கள். இனி ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்கிறார் முதலாளி. என்ன செய்வது?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

சர்டிபிகேட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம்: வேண்டாம். நீங்கள் எதைச் சுற்றிக் காட்டினாலும், வருகிறவர் உங்கள் கம்பெனியைப் பற்றித் தெரிந்துகொள்வது அந்த ஒன்றிலிருந்துதான். அமெரிக்காவில் ஷூ விற்கும் ஜாப்போஸ் இதற்கு நேர் எதிராகச் செய்தது. பயிற்சியில் இருக்கும் புதியவரிடம், “பிடிக்கவில்லையா? வேலை செய்த நாளுக்குச் சம்பளமும் மேலே ஆயிரம் டாலரும் தருகிறோம், போகலாம்” என்றது. அவ்வளவு தூரம் உங்கள் முதலாளி வரமாட்டார், வரவும் தேவையில்லை.

உங்கள் சிக்கல் நேரத்தில் இருக்கிறது. எத்தனை மணிக்கு இன்டர்வியூ வைக்கிறீர்கள்? பெரும்பாலும் காலை பதினொன்றாக இருக்கும். அப்போது ஜெர்மனி பையர் ஆபீசுக்கே வந்திருக்கமாட்டார். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே குளிர்காலத்தில் மதியம் 1.30, கோடையில் 12.30. மெயில் வரத் தொடங்குவதே சாப்பாட்டு நேரத்தில்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு லேப் டிப் (நிறம் சரிபார்க்கச் சாயமேற்றி அனுப்பிய துணித் துண்டு) ரிஜெக்ட் என்று பதில் வரும். டையிங்காரர் போனை எடுக்கமாட்டார். உற்பத்திக்கு முன் பையர் பார்த்துச் சரி சொல்ல வேண்டிய பிபி சாம்பிளுக்கு அப்ரூவல் வராமல் கட்டிங் நிற்கும். அந்த மெர்ச்சண்டைசரின் வேலை இதுதான். ஏசி ஷோரூமில் மாட்டியிருக்கும் டி-ஷர்ட்டில் இது தெரியாது.

அதனால் மாலை 4 மணிக்குக் கூப்பிடுங்கள். ஷிப்மெண்ட் இருக்கும் வாரமாகப் பார்த்தே கூப்பிடுங்கள். முதல் ரவுண்டில் தேறியவர்களை மட்டும், ஒரு நாளைக்கு இருவருக்கு மேல் வேண்டாம். உங்கள் கேள்விகள் முடிந்ததும், வேலைக்கு வந்து ஒன்றிரண்டு வருடமான ஒரு மெர்ச்சண்டைசர் பக்கத்தில் நாற்பது நிமிடம் உட்காரவையுங்கள். நீங்களும் மேனேஜரும் அந்த அறையில் இருக்கக் கூடாது. பையர் பெயரும் விலையும் இருக்கும் தாள்களை முன்பே எடுத்துவிடுங்கள், அது போதும். என்ன பேச வேண்டும் என்று அந்தப் பையனுக்கோ பெண்ணுக்கோ பாடம் நடத்தாதீர்கள்; ஒப்பிக்கிறார்கள் என்பது இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். கேட்காவிட்டாலும் இரண்டு விஷயத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்: போன மாதம் எத்தனை நாள் எட்டு மணிக்கு மேல் இருந்தார், ஷேட் (துணியின் நிறம்) தவறினால் யார் யாரைத் திட்டுவார்கள்.

சாம்பிள் ரூமுக்கும் கூட்டிப்போகலாம், ஆனால் பல வகை விளக்கில் நிறம் பார்க்கும் லைட் பாக்ஸ் முன்னால் நிறுத்துங்கள். ஒரே லேப் டிப் பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கில் பையர் கேட்ட நிறத்தோடு சேர்ந்துபோகும், கடை விளக்கு போன்ற டிஎல்84 போட்டதும் சிவப்படிக்கும். “இப்போது பையருக்கு என்ன எழுதுவீர்கள்?” என்று கேளுங்கள். ஆர்வம் இருப்பவர் குனிந்து பார்ப்பார். பிறகு முடிந்துபோன ஒரு ஆர்டரின் டைம் அண்ட் ஆக்‌ஷன் ஷீட்டை, அதாவது எந்த வேலை எந்தத் தேதியில் என்ற அட்டவணையை, கையில் கொடுங்கள். திட்டத் தேதியும் நடந்த தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். டையிங்கில் நான்கு நாள் போனது, கப்பலைத் தவறவிட்டது, சரக்கு விமானத்தில் போனது எல்லாம் தெரியட்டும். “ஏர் ஃப்ரெய்ட் செலவு யார் தலையில் விழுந்தது?” என்று கேட்பவரை விடாதீர்கள். ஆனால் கேட்டதற்கு உண்மையான பதில் உங்களிடம் இருக்க வேண்டும்.

நடப்பில் உள்ள ஆர்டருக்குக் காஸ்டிங் (விலைக் கணக்கு) போட வைத்து “டெஸ்ட்” என்பது திருட்டு. அரை நாள் வேலை வாங்கினால் பணம் கொடுங்கள். இந்த நாற்பது நிமிடத்துக்கு மார்க் கிடையாது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பிறகு அந்த மெர்ச்சண்டைசரைக் கூப்பிட்டு “ஆள் எப்படி?” என்று விசாரிக்கவும் கூடாது. விசாரித்தால் அடுத்த முறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

சுவரில் இருக்கும் போர்டுகளைக் காட்டிப் பயனில்லை. ஆடிட்டுக்காக மாட்டியவை என்று திருப்பூரில் குழந்தைக்கும் தெரியும். 2013 சட்டப்படியான பாலியல் புகார்க் குழுவின் பெயர்ப் பலகை இருக்கிறதல்லவா, அதில் உள்ள ஒருவரை நேரில் அறிமுகப்படுத்துங்கள். இரவு எட்டரைக்கு ஒரு பெண் வீட்டுக்கு எப்படிப் போவார், கம்பெனி வண்டியா பஸ்ஸா என்பதையும் சொல்லிவிடுங்கள். “நாங்க எல்லாம் ஒரே குடும்பம்” என்பதை மட்டும் சொல்லாதீர்கள், ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்வார்கள் என்றுதான் கேட்பவருக்குப் புரியும். மாதத்தில் எத்தனை ஞாயிறு, வாட்ஸ்அப்புக்கு எத்தனை மணி வரை பதில் போட வேண்டும், பி.எஃப். எந்தத் தொகைக்குப் பிடிப்பீர்கள் என்பதைத் தாளில் எழுதி, ஆஃபருக்கு முந்தின நாளே கொடுங்கள்.

இதையெல்லாம் பார்த்துச் சிலர் வரமாட்டார்கள். முதலாளி முகம் சுளிப்பார். இரண்டு மாதச் சம்பளம் கொடுத்து, ஆர்டரைப் பாதியில் இன்னொருவர் கைக்கு மாற்றிய கணக்கை அவர் மேசையில் வையுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. போன மூவரையும் போனில் கூப்பிட்டு, ஏன் போனீர்கள் என்று கேட்காமல், போய்விடலாம் என்று எந்த நாளில் தோன்றியது என்று கேளுங்கள். ஏன் என்றால் “வீட்டில் சரியில்லை” என்பார்கள். நாளைக் கேட்டால் அன்று நடந்ததைச் சொல்வார்கள். அடுத்து வருகிறவருக்கு நீங்கள் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான். அப்புறம், வருகிறவரின் பெயரை வாட்ச்மேனிடம் முன்பே கொடுத்துவையுங்கள். கேட்டில் முக்கால் மணி நேரம் நிற்க வைத்துவிட்டு உள்ளே என்ன காட்டியும் எடுபடாது.