லாச்சிக்குள் இருந்து வந்த சொல்

கேள்வி: எங்கள் ஊர்ப் பாடசாலை விழாவில் பேசிய ஒருவர், ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல் நம்முடைய ‘காசு’தான் என்று அடித்துச் சொன்னார். கைதட்டலில் கூரைத்தகடு அதிர்ந்தது. உண்மையா?
— வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கை இது. பேச்சாளருக்குப் பாதிப் புள்ளி போடுகிறேன்.

ஆங்கிலத்தில் ‘கேஷ்’ இரண்டு. எழுத்தும் ஓசையும் ஒன்று, பிறப்பு வேறு. இன்று கடையில் நீட்டுகிற கேஷுக்கு மூலம் பிரெஞ்சு ‘கேஸ்’, இத்தாலிய ‘காஸா’. அவற்றுக்கும் பின்னால் இருப்பது இலத்தீன் ‘காப்ஸா’. பொருள் பெட்டி. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தபோது, அது பணப்பெட்டியையே குறித்தது. பிறகு பெட்டிக்குள் கிடந்த பணத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

இது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. மட்டக்களப்புக் கடைத்தெருவில் என் அப்பப்பாவுக்குச் சிறிய பலசரக்குக் கடை இருந்தது. பாடசாலை விட்டதும் லாச்சியை, அதாவது மேசை இழுப்பறையை, இழுத்து, சதக் காசுகளைப் பிரிப்பது என் வேலை. சதுரமாக இருந்தால் ஐந்து சதம். ஓரம் நெளிந்திருந்தால் இரண்டு சதம் அல்லது பத்துச் சதம். கண்ணை மூடிக்கொண்டே விரலால் பிரிப்பேன். பொழுதுபட்டால் பக்கத்துப் புடவைக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, “அண்ணே, இன்றைக்கு லாச்சி எப்படி?” என்று கேட்பார். அவர் விசாரித்தது பலகையின் நலத்தை அல்ல. பெட்டியின் பெயர் பணத்துக்குப் போவது அவ்வளவு எளிது. அந்த லாச்சியும் ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்தான். 1638இல் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்களே, அவர்களுடையது.

சரி, அந்தப் பாதிப் புள்ளி எதற்கு? இன்னொரு கேஷுக்கு. அது சில்லறை நாணயத்தின் பெயர். நம்முடைய ‘காசு’ போர்த்துக்கேயர் வாயில் ‘கைஷா’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலேயரிடம் போய் ‘கேஷ்’ ஆனது. போர்த்துக்கேய மொழியில் பெட்டிக்கும் ‘கைஷா’ என்றே பெயர். குழப்பத்துக்கு நெய் வார்த்தது அதுதான். 1818இல் ரூபாய்க்கு மாறும்வரை சென்னைப் பட்டணத்தில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கம்பெனியார் கணக்கெழுதினார்கள். அந்தக் கணக்கில் வரும் கேஷ் அசல் நம் காசு. நடுவில் சதுர ஓட்டையுள்ள சீனச் செப்பு நாணயத்துக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். சீனாவில் புழங்கிய நாணயத்துக்குத் தமிழ்ப் பெயர்! பேச்சாளர் இதைச் சொல்லியிருந்தால் நானும் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

நம் காசும் இலேசுப்பட்டதல்ல. சோழர் கல்வெட்டுகளில் ‘ஈழக்காசு’ வருகிறது. வெண்பாவின் கடைசிச் சீருக்கு வாய்பாடு சொல்லும்போதும் நாள், மலர், காசு, பிறப்பு என்றுதான் ஒப்பிக்கிறோம். ‘காசறு விரையே’ என்று கோவலன் கண்ணகியைப் பாராட்டும் இடத்தில் மட்டும் காசு என்றால் குற்றம். பணமில்லாதவள் என்று பொருள் எழுதிய மாணவனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இந்தக் காசே வடமொழிக் ‘கர்ஷ’த்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு. அதை மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்காது.

கேள்வி: நீதிமன்றத்தில் நடப்பதும் கேஸ், பயணத்துக்குக் கொண்டுபோவதும் சூட்கேஸ். இரண்டும் ஒரே கேஸா?
— வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இல்லை. சூட்கேஸ் மேலே சொன்ன ‘காப்ஸா’ வீட்டுப் பிள்ளை. மருந்துக்கடைக் கேப்சூலும் அதே வீடு, ‘சின்னப் பெட்டி’ என்று அர்த்தம். வழக்கைக் குறிக்கும் கேஸ், விழுதல் என்ற பொருளுள்ள இலத்தீன் ‘காஸுஸ்’ வழி வந்தது. நம் தலையில் வந்து விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே சட்டத்தரணி தூக்கிவரும் பிரீஃப்கேஸ் ஒரு குடும்பம், அதற்குள் கிடக்கும் கேஸ் வேறு குடும்பம்.